சாவி யாரிடம்

மார்ச் மாதம், கியர்னி நகரம்.
பிளாட் ஆற்று மணல்திட்டுகளில்
ஆயிரமாயிரமாய் நாரைகள் இறங்கும் நேரம்.
ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஹோட்டல் அரங்கில்
நாங்கள் இருநூறு பேர் இறங்கியிருக்கிறோம்
கழுத்தில் பெயரட்டையும்
காலடியில் இலவசப் பையுமாக.

நெப்ராஸ்கா உயர்நிலைப் பள்ளிகளின்
விளையாட்டு இயக்குநர்கள்.
ஆட்டம் நடக்க எல்லாம் செய்துவிட்டு
ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்க்காதவர்கள்.

ஓமலூரில் என் அம்மா
கேட்பவரிடமெல்லாம் 'பி.டி. டீச்சர்' என்கிறாள்.
திருத்தி அலுத்துவிட்டது.
நடுவர் வராத வெள்ளிக்கிழமை
மாவட்டம் முழுக்க போன் போடுகிறவள்,
மழை விட்டதும் வெள்ளைக் கோட்டை
மறுபடி முதலிலிருந்து இழுப்பவள்,
பெண்கள் கழிப்பறையில் காகிதம் தீர்ந்த செய்தி
முதலில் வந்து சேரும் இடம்,
இதற்கு எந்தப் பெயரை
நான் அவளுக்குச் சொல்லித் தர?

காலை அமர்வு:
கோபமான பெற்றோரிடம் பேசுவது எப்படி.
ஆர்ட் ஊர் வெண்டெல் குசேரா அப்பாவாக நடித்தார்.
'என் பையனை ஏன் உட்கார வைத்தாய்?'
மேசை அதிர்ந்தது, தண்ணீர் தளும்பியது,
சிரித்தோம், கைதட்டினோம்.
உட்காரும்போது சொன்னார்:
'போன அக்டோபரில் எனக்குச் சொன்னதுதான்.
நாலு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்.'

அடுத்தது டார்லின் ஹர்பெக்.
படம் இல்லை, நகைச்சுவை இல்லை.
ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தாள்.

'உங்கள் மைதானத்தின் தொலைவான மூலை.
ஒரு பிள்ளை விழுகிறது. யாரும் மோதவில்லை.
நின்ற இதயத்தைத் தட்டி எழுப்பும் அந்தப் பெட்டி
எங்கே இருக்கிறது?
யார் ஓடுவார்?
எழுதுங்கள், நேரம் ஓடுகிறது.'

எழுதினேன்:
செவிலியர் அறை, இரண்டாம் அலமாரி.
வேகமாக எழுதினேன், முதல் வரிசை மாணவி மாதிரி.
அறைக்குக் கதவு உண்டு.
கதவுக்குப் பூட்டு உண்டு.
பூட்டுக்கு

பேனா அங்கே நின்றது.

சாவி ரோலண்டிடம்.
ரோலண்ட் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.
எங்கள் ஆட்டம் ஏழு மணிக்கு.

போன பருவத்தில் ஐந்து வெள்ளிக்கிழமைகள்.
விளக்கொளியில் எண்ணூறு முகங்கள்,
சோளப்பொரி வாசனை,
டிரம் அடிக்கும் பிள்ளைகளின் விறைத்த விரல்கள்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததற்கு
நான்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

மதிய உணவுக்கு மணியடித்தது.
கோழி வரிசையை விட்டு நடைபாதைக்கு வந்தேன்.
'ரோலண்ட், செவிலியர் அறைச் சாவி
இன்னொன்று யாரிடம் இருக்கிறது?'
'இன்னொன்றா?' என்றார் அவர்,
நெடுநேரம் கழித்து.

தலை நிமிர்ந்தால்
நடைபாதை நெடுக ஆட்கள்.
செடித்தொட்டிக்குப் பக்கத்தில், லிஃப்டுக்கு எதிரே,
சுவரைப் பார்த்துக்கொண்டு,
காதில் போன், தணிந்த குரல்.
ஸ்காட்ஸ்பிளஃப், வேலண்டைன், யார்க், ஃபால்ஸ் சிட்டி,
மாநிலத்தின் நான்கு மூலைக்கும்
ஒரே கேள்வி போய்க்கொண்டிருந்தது.
யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.
வெண்டெல் மட்டும் போனை மூடிவிட்டு
என் பக்கம் திரும்பினார்.
'எங்களுடையது சுவரிலேயே தொங்குகிறது.
பேட்டரி செத்து இரண்டு வருஷம்.'
சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.
கோழி ஆறிப்போயிருக்கும், வா என்றார்.

மறுநாள் தங்க முத்திரையோடு சான்றிதழ் தந்தார்கள்.
அதைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு
நூறு மைல் ஓட்டினேன்.
வழியெல்லாம் சோளத் தட்டை,
அதில் மேயும் நாரைகள்.
ஊர் எல்லையில் ஹார்டுவேர் கடை
அடைக்கப் பத்து நிமிடம் இருந்தது.

திங்கட்கிழமை செலவுப் படிவம் நிரப்பினேன்.
பதிவுக் கட்டணம், இரண்டு இரவு, பெட்ரோல்.
கடைசிக் கட்டத்தில் கேட்டிருந்தது:
'இப்பயிற்சியால் பள்ளி பெற்ற பயன்,
ஒரே வரியில்.'

நான்கு திருகாணி, என்று எழுதினேன்.

கணக்கர் பிரெண்டா திருப்பி அனுப்பிவிட்டாள்,
விளக்கம் போதாது என்று.
வா, காட்டுகிறேன் என்று கூட்டிப்போனேன்.
மைதானக் கதவோரம், டிக்கெட் கூண்டின் வெளிச்சுவரில்,
ஒரு குழந்தைக்கும் எட்டும் உயரத்தில்,
பூட்டில்லாத பெட்டி.
உள்ளே ஒரு பச்சைப் புள்ளி
சிமிட்டிக்கொண்டிருந்தது.

காற்று பலமாக இருந்தது.
அவள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
'ரசீது இருக்கிறதா?' என்றாள்.